கேட்டைத் தாண்டாத மாத்திரை

"சீனி பத்தல தங்கச்சி" என்று தங்கை பஞ்சாலையிடம் குறை சொல்லிக்கொண்டே கோப்பியைக் குடித்துவிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார் அவள் அண்ணன் ராமசாமி. நீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வீடு திரும்பியதும் குளிர்க்காய்ச்சல் கண்டது. அந்த வாரமே போய்விட்டார்.

இப்போது அதே குழாய் அவள் கணவன் சன்னாசிக்கு. சிறுநீரில் இரத்தம் போகிறது. உள்ளே பார்த்தே ஆகவேண்டும். இந்த முறை தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரஸர் கணேசமூர்த்தி மாத்திரை கொடுத்தார்.

"குழாய் விடறதுக்கு ஒரு மணி நேரம் முந்தி முழுங்கணும். கிருமி ஏறாது. இது இல்லாம குழாய் விடமாட்டாங்க."

ஆஸ்பத்திரியில் போய்க் கொடுத்துக்கொள்ளலாம் என்று பஞ்சாலை அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஆனால் அது மலாயாவின் அவசரகாலம். சுவா ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி, ஒரே கேட்டு. அரிசி, சீனி, மருந்து எதுவும் வெளியே போகக்கூடாது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம்.

கேட்டில் பெண்களைச் சோதிக்கும் மார்த்தா நேராக முந்தானையைப் பிடித்தாள்.

"மருந்துக்குத் துரை கையெழுத்து வேணும்க்கா."

"துரை சிங்கப்பூருக்குல்ல போயிருக்காரு!"

"அப்ப அவரு வந்தப்புறம் போங்க லா."

"என்ன செய்யறது" என்று பெருமூச்சு விட்ட சன்னாசி, அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். கவலையில் பசிக்கிறதாம்.

அடுத்த வாரம் கொண்டைக்குள் வைத்தாள். மார்த்தா வேறெதையும் தொடாமல் கொண்டையை அவிழ்த்தாள். பால்வெட்டுக்குப் போக நின்ற கூட்டமே வேடிக்கை பார்த்தது. சாயங்காலம் போலீஸ் வந்து வீட்டையே கவிழ்த்துப் போட்டது.

"மானம் போவுது பஞ்சாலை. குழாயும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"எங்கண்ணன வாரிக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன். உங்களையும் குடுக்கமாட்டேன். நீங்க போறீங்க, மாத்திரையோட போறீங்க!"

டிரஸர் திட்டிக்கொண்டே மறுபடியும் மாத்திரை கொடுத்தார்.

"நாளைக்கு எங்க வைக்கப்போற?" சன்னாசி அக்கறையாகக் கேட்டார்.

"கையிலதான். பாத்துக்கறேன் அவள!"

மறுநாள் காலை மார்த்தா வழக்கம்போல முதலில் கோப்பிப் போத்தலை வாங்கி ஒரு மிடறு குடித்துப் பார்த்தாள். சீனி இல்லை. பிறகு பஞ்சாலையின் மூடிய கையைப் பார்த்தாள்.

"மருந்து வெளிய போகக்கூடாது, அவ்வளவுதானே?" என்றாள் பஞ்சாலை. "டவுனுக்கு லாரி ஒரு மணி நேரம். கணக்கு சரியா இருக்கு."

சன்னாசியின் தாடையைப் பிடித்து, மாத்திரையை உள்ளே தள்ளி, கோப்பியை ஊற்றினாள். அவர் முழி பிதுங்க விழுங்கினார்.

"சீனி..." என்று ஆரம்பித்தார்.

"அந்தப் பேச்ச மட்டும் பேசாதீங்க!" அவள் குரல் ஒரு கணம் உடைந்தது. உடனே மார்த்தாவின் பக்கம் திரும்பினாள். "இப்பத் தேடு! இவரு வயித்துக்கு எந்தத் துரை கையெழுத்து வேணும்?"

வரிசை கைதட்டியது. மார்த்தாவும் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டாள்.

"அதுசரி, ரெண்டு தடவையும் தேடாமயே எப்பிடிடி கண்டுபிடிச்ச?"

"நான் எங்கக்கா கண்டுபிடிச்சேன்? மொத நாளு சாயங்காலமே நம்ம சன்னாசி அண்ணன் வந்து எடத்தச் சொல்லிட்டுப் போயிடுவாரு. நேத்தும் வந்து, கையிலன்னு சொன்னாரு லா."