என் முகத்தைக் கண்டால் கண்ணை மூடும் லேப்டாப்

புதுச்சத்திரம்
வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை நவநீதகிருஷ்ணன் அவர்களுக்கு, மாமனார் பெரியசாமி எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உங்கள் அத்தை சௌந்திரமும் பண்ணைக் கோழிகளும் சௌக்கியம். புனேயில் நீங்களும் தனப்பிரியாவும் பேத்தியும் சௌக்கியமா? உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய காந்தக் காப்பை இடக்கையிலிருந்து குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. பிரஷர் அடங்கியிருப்பதாக டாக்டரே சொன்னார்.

நிற்க. பேத்தியைப் பெரிதாகப் பார்க்கட்டும் என்று நீங்கள் வாங்கித் தந்த லேப்டாப்பை இந்தக் கடிதத்தோடு கூரியரில் திருப்பி அனுப்புகிறேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. அதன் திரை சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை. அத்தை திறந்தால் பளிச்சென்று எரிகிறது. நான் உட்கார்ந்து, ஆடாமலிருக்க இடக்கையை அதன்மேல் ஊன்றி, "சாமி, தாத்தனைப் பாரு" என்று வாயைத் திறந்தால் இருட்டாகிவிடுகிறது. ஈரம் கோத்திருக்கும் என்று, கோழிக்குஞ்சுகளுக்குக் கதகதப்புக்காகப் போடும் குண்டு பல்புக்கு அடியில் வைத்தேன். குஞ்சுகள் ஏறி அதன்மேல் என்னென்னவோ பண்ணிவிட்டன, துடைத்துவிட்டேன். அப்புறம் அஸ்தம்பட்டியில் லேப்டாப் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். அந்தத் தம்பி தொட்டதும் எரிந்தது. "நல்லாத்தானுங்க இருக்குது, என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார். ஊட்டுக்கு வந்து நான் உட்கார்ந்தேன், போச்சு. என் மூஞ்சியக் கண்டாலே அதுக்கு ஆகலைங்க மாப்பிள்ளை.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா முதன்முதலாகக் குப்புற விழப்போகிறாள் என்று தனப்பிரியா கூப்பிட்டாள். "அப்பா, திரும்பறா, திரும்பறா, பாருங்க" என்கிறாள். நான் ஆவலில் கையை நன்றாக ஊன்றிக் கிட்டே குனிந்தேன். இருட்டு. அவளோ, நான் பேச்சின் நடுவே மூடிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். அந்த எரிச்சலோடு ஒரு காதுகுத்து விருந்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து, "மாப்பிள்ளை ஓட்டை லேப்டாப்பை எந்தலையில கட்டிட்டாருங்க" என்று சொல்லித் தொலைத்தேன். பக்கத்து இலையில் உங்கள் பெரியப்பா! அன்றிலிருந்து மகள் கூப்பிடுவதில்லை. செல்போனில் பார்க்கலாமென்றால் என் கண்ணுக்குப் பிள்ளை கொட்டைப்பாக்கு அளவுதான் தெரியும், அதற்கும் அவள் கூப்பிட வேண்டுமே. புதுக் கோழிக்குஞ்சுகளை வாங்கி இறக்கியிருப்பதால் பண்ணையை விட்டு அங்கே வரவும் முடியவில்லை. பந்தியில சொன்னது தப்புதானுங்க. வருத்தமா இருக்குது, சோறு இறங்க மாட்டேங்குது. ஆனால் லேப்டாப் பழுது என்பது மட்டும் சத்தியம்.

நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ நம் குலசாமி துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமனார் பெரியசாமி

பி.கு.: அட்டைப்பெட்டியில் வைக்குமுன் அத்தை கடைசியாக ஒருமுறை திறந்து பார்த்தாள். எரிந்தது. நான் கையை வைத்தேன், அணைந்தது. "ஏனுங்க, ஊக்கையே இழுக்கற காப்பு அது. அதைக் கழட்டிட்டு வையுங்க பாக்கலாம்" என்றாள். வைத்தேன். எரிந்துகொண்டே இருந்தது. காப்பை மட்டும் கிட்டே கொண்டுபோனாள், அணைந்தது. காந்தம் கிட்டே வந்தால், மூடியை மூடிவிட்டோம் என்று அது நினைத்துக்கொள்கிறது போலிருக்கிறது. ஆகவே மேலே எழுதிய சத்தியத்தை அடித்துவிட்டுப் படிக்கவும். லேப்டாப் வரவில்லை, பார்சலில் காப்புதான் வருகிறது. பெரியப்பாவிடம் நானே நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவிடம் மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். பாப்பாவை இன்னொருமுறை மல்லாக்கப் போட்டுவிட்டுத் தனப்பிரியாவைக் கூப்பிடச் சொல்லுங்கள். வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறேன். பிரஷர் ஏறினால் ஏறட்டும்.