இடது பக்கம் திரும்பாத வேன்

திருவண்ணாமலையில் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் தெரு வேன் டிரைவர்தான். பெயர் யாருக்கும் தெரியாது. வலம் அண்ணன் என்று கேட்டால் தெருநாய்கூட வழிகாட்டும்.

மலையை வலமாகச் சுற்றுகிற ஊரில் பிறந்தவன் வண்டியை மட்டும் எப்படி இடப்பக்கம் திருப்புவது என்பது அவர் கட்சி. இடப்பக்கத் தெருவுக்குப் போக வேண்டுமா? நேராகத் தாண்டிப் போய், வலப்பக்கமாகவே மூன்று முறை திரும்பி வந்து சேருவார். ஒருதடவை வேங்கிக்காலுக்கு மாப்பிள்ளை ஒருவரை ஏற்றிப் போனார். முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம். மண்டபம் இடப்பக்கம். "நீங்க எறங்கி ஓடுங்க மாப்ளே, நான் சுத்திக்கினு வந்துடறேன்" என்று இறக்கிவிட்டார். மாலையும் கழுத்துமாக ஓடியவரை, கல்யாணம் பிடிக்காமல் தப்பிக்கிறான் என்று தெருவே துரத்தியது.

என் மகள் சுமதிக்கு அந்தச் சுற்று ரொம்பப் பிடிக்கும். "பாப்பாவுக்கு ஊரைக் காட்டிட்டு வந்துடறேங்க" என்பார். "சீக்கிரம் போங்கண்ணா!" என்று நாங்கள் கத்துவோம். அவள் சிரிப்பாள்.

அவளுக்கு ஏழு வயது. இதயத்தில் ஓட்டை. சென்னையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் என்ன வேண்டும் என்று கேட்டோம். "கடல்ல மீன் புடிக்கணும்ப்பா." உட்கார்ந்தபடி செய்கிற எதையும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மரக்காணத்தில் ஒரு படகுக்காரரைப் பிடித்தோம். கரை கண்ணில் படுகிற தூரத்திலேயே தூண்டில் போடச் சொல்லித்தருவார். படகு கிளம்பியதும் வலம் அண்ணன் ஆரம்பித்தார்.

"அண்ணே, திருப்பறதைச் சோத்துக்கைப் பக்கமாவே திருப்புங்க."

"யோவ், அலை வர்ற பக்கம் மூக்கைத் திருப்பலன்னா கவுந்துடும். கடலு என்னா உங்க ஊரு மலையா?"

"அப்ப ஒரே ஒரு சுத்து. பாப்பாவுக்கு வேண்டுதலுங்க."

படகுக்காரர் குழந்தையைப் பார்த்தார். வலமாக ஒரு சுற்று சுற்றினார். அலை தூக்கிப் போட்டதில், வலம் அண்ணன் காலையில் தின்ற இட்லியையெல்லாம் கடலுக்கே கொடுத்தார். அதையும் வலப்பக்கமாகத்தான்.

சுமதி ஒரு கிழங்கான் பிடித்தாள். விரல் நீள மீன். தூண்டில் நரம்பு துடித்ததும் அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. மீனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே, "அம்மா, மூச்சு வரல" என்றாள். உதடு நீலமாகியிருந்தது.

கரைக்கு வந்து வேனில் ஏற்றினோம். கூட்டுரோட்டில், ஆஸ்பத்திரிப் பலகையின் அம்பு இடப்பக்கம் காட்டியது. என் மனைவி "அண்ணா" என்றாள். அவ்வளவுதான். வேன் இடப்பக்கம் திரும்பியது.

ஆக்சிஜன் வைத்த பிறகு வெளியே வந்தேன். வலம் அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"இங்கேர்ந்து மலை தெரியாதுங்க" என்றார். "பாத்திருக்காது."

அன்று பிழைத்தாள். ஆபரேஷனில் பிழைக்கவில்லை.

சென்னையிலிருந்து அவளைக் கொண்டுவந்ததும் அவர் வேனில்தான். எங்கள் தெரு இடப்பக்கம். வாசலில் போட்டிருந்த பந்தல் தெருமுனையிலிருந்தே தெரிந்தது. வலம் அண்ணன் வேகத்தைக் குறைத்தார். பின்னால் திரும்பிப் பார்க்காமலே, "பாப்பாவுக்கு ஊரைக் காட்டிட்டு வந்துடறேங்க" என்றார்.

மூன்று திருப்பம். சீக்கிரம் போங்கண்ணா என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.