மூன்றாவது தடவை அக்கா எழுந்திருக்கவில்லை

அக்காள் பெற்ற ஒரே பிள்ளையும், கடல் தாண்டிய தேசத்தில் எலும்பு டாக்டராக அமர்ந்து அந்நியர் முட்டிகளையெல்லாம் நிமிர்த்திக்கொண்டிருப்பவருமான மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் எழுதும் மடல். நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டுகிறேன். இங்கே நான் சுகம். உன் அம்மாவும் சுகம்தான். போலீஸ் ஸ்டேஷனில் நல்ல நாற்காலியாகப் பார்த்துத்தான் போட்டார்கள்.

பதறாதே. உன்னால் ஆக வேண்டியது ஒரே ஒரு காரியம். உன் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, நினைத்தவுடன் எழுந்து நிற்க முடியாது என்று டாக்டர் முறையில் ஒரு சான்றிதழ் எழுதி அனுப்பு. திங்கட்கிழமைக்குள் அது வராவிட்டால் தேசிய கீதத்தை அவமதித்த குற்றத்துக்காகக் கோர்ட்டில் நிறுத்துவார்களாம். எண்பத்து நாலு வயதில் அவள் இன்னொரு தடவை சிறைக்குப் போவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் படமெடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவாள்.

பொய்ச் சான்றிதழ் என்று யோசிக்காதே. அந்த முழங்கால்கள் பட்ட பாடு இந்த நாடு பட்ட பாடு. வெள்ளைக்காரக் கவர்னர் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, உச்சி வெயிலில் எல்லாப் பிள்ளைகளும் நின்று ராஜாவின் பாட்டைப் பாட, உன் அம்மா மட்டும் மைதானத்தில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்துவிட்டாள், அதற்காகச் சரளைக் கல்லில் பொழுது சாயும் வரை முட்டி போட வைத்தார்கள், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அப்புறம் சுதந்திரம் வந்தது, முதல் தேர்தல் வந்தது, நீ வயிற்றில் இருந்தாய், வரிசை தெருவைத் தாண்டி நீண்டது, முட்டி பூசணிக்காயாக வீங்கும் வரை நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, "இந்த வீக்கம் இருக்கட்டும்டா, இது என் சொந்த வீக்கம்" என்று சிரித்தாள். பிறகு ஒருநாள் ரேடியோவில் பாட்டுக் கச்சேரியை நிறுத்திவிட்டு ஒரு தளபதி பேசினார், தேர்தல் இனிமேல் கிடையாது என்றார். டெலிபோன் நிலையத்தில் யார் யாருடன் பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்டுச் சொல்லச் சொன்னார்கள். உன் அம்மாவும் அவளோடு வேலை பார்த்த பெண்களும் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். அம்மா பயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்று உன்னை என் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தேனே, அந்தப் பயிற்சி சிறைச்சாலையின் சிமெண்டுத் தரையில் நடந்தது. நானோ பதிவு அலுவலகத்தில் கவர்னர் படத்துக்கும் எழுந்து நின்று, தலைவர் படத்துக்கும் எழுந்து நின்று, தளபதி படத்துக்கும் எழுந்து நின்று, நின்ற வாக்கிலேயே ஓய்வு பெற்றவன். என் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை.

தளபதியும் போய்விட்டார், இப்போது நாம் வல்லரசு. ராக்கெட் விடுகிறோம், பெரிய நாடுகள் நம்மைக் கேட்டுவிட்டுத்தான் பேசுகின்றன. அந்தப் பெருமையில் பழைய டெலிபோன் நிலையத்தைத் தேச வரலாற்றுக் கூடமாக மாற்றி, திறப்பு விழாவுக்கு உன் அம்மாவையும் துணைக்குப் போன என்னையும் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். உட்கார வைத்ததுதான் வினை. தேசிய கீதத்தைப் போட்டார்கள், நின்றோம். மந்திரி வரவில்லை. மந்திரி வந்துவிட்டார் என்று யாரோ கத்த, மறுபடி போட்டார்கள், நின்றோம். வந்தது தண்ணீர் லாரி. கடைசியில் நிஜமாகவே மந்திரியின் கார் வந்து கதவு திறந்ததும் மூன்றாவது தடவை போட்டார்கள். கூடமே எழுந்தது. உன் அம்மா எழுந்திருக்கவில்லை. நான் ஆணி அடித்த மாதிரி விறைத்து நின்றபடி, "அக்கா, எந்திரிக்கா, எல்லாரும் பாக்குறாங்க" என்று பல்லைக் கடித்தேன். "நாட்டுக்கு ரெண்டு தடவை நின்னுட்டேன்டா. இது அந்த ஆளுக்கு" என்றாள்.

பின்வரிசையில் ஒருத்தன் போனில் வீடியோ எடுத்துவிட்டான். முதல் இரண்டு தடவை அவள் நின்றதை எடுக்க அவனுக்குத் தோன்றவில்லை. பொழுது விடிவதற்குள் உன் அம்மா தேசத்துரோகி ஆகிவிட்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் தங்கமான பையன். "முட்டி வலின்னு ஒரு சர்டிஃபிகேட் குடுத்துடுங்கம்மா, ஃபைலை மூடிடறேன்" என்று கெஞ்சினார். உன் அம்மா கையைக் கட்டிக்கொண்டு, "வலி இருக்குதான் தம்பி. ஆனா அதனால உக்காரல. உக்காரணும்னு உக்காந்தேன். அப்படியே எழுதிக்குங்க" என்றாள். தலையில் அடித்துக்கொண்டேன். ஆகவே அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் கைராசி பெருகட்டும், குழந்தைகள் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
என்றும் எழுந்து நிற்கும் உன் தாய்மாமன்.

பின்குறிப்பு: சான்றிதழ் அனுப்ப வேண்டாம். கடிதத்தை மடிக்கும் நேரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து அந்த வீடியோவை முழுசாகப் போட்டுக் காட்டினார். உன் அம்மா அந்த வார்த்தையைச் சொன்னதும் பக்கத்தில் நிற்கும் வழுக்கைத் தலை ஒன்று மெல்லக் கீழே இறங்கி நாற்காலியில் உட்காருகிறது. பாட்டு முடியும் வரை எழுந்திருக்கவில்லை. "இது யாருங்க ஐயா?" என்றார். நான்தான். எப்போது உட்கார்ந்தேன் என்று சத்தியமாக எனக்கே தெரியவில்லை. முட்டி வலியா என்று கேட்டார். வாய் திறந்து இல்லை என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து அன்று சிறைக்கு எடுத்துப்போன பழைய பெட்டியைத் தானே இறக்கினாள். அதில் இப்போது இரண்டு துண்டு மடித்து வைத்திருக்கிறாள்.