பார்த்தீனியப் பொக்கே

தனியாக இருப்பவனை யாராவது வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், முதலில் கழன்றுகொள்வது அவன் மூளைதான். எனக்கு அப்படித்தான் ஆனது.

சென்னையில் நான்காவது மாடியில் வளர்ந்தவன் நான். வேலை கிடைத்து அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜ் அறைக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேசும் மொத்த வசனமே, "ஒரு டீ, சக்கரை கம்மி." பிறகு அதுவும் போயிற்று. (மாஸ்டர் என்னைப் பார்த்ததுமே டீயைப் போட ஆரம்பித்துவிட்டார்.)

அப்போதுதான் உடன் வேலை பார்த்த சரவணன், "ஞாயித்துக்கெழம அம்மாவுக்கு அறுபதாவது பொறந்தநாளு. கடலூர்ல வீட்லயே சாப்பாடு, வந்துரு மச்சான்" என்றான்.

லாட்ஜுக்குப் பின்னால் காலி மனை முழுக்கக் குட்டிக் குட்டி வெள்ளைப் பூக்கள். பொக்கேயில் ரோஜாவுக்கு இடையில் செருகுவார்களே, அதேதான் என்று முடிவு செய்தேன். கை நிறையப் பறித்து, பளபளக்கும் தாள் சுற்றி, ரிப்பன் கட்டினேன்.

பேருந்தில் பக்கத்து சீட்காரர் ஏழெட்டுத் தும்மல் போட்டுவிட்டுப் பின்னால் போய்விட்டார். ஜன்னலோரம் கிடைத்ததே என்று மகிழ்ந்தேன்.

சரவணனின் அம்மா பொக்கேயில் முகத்தைப் புதைத்து முகர்ந்தார். "எனக்கு இதுவரைக்கும் யாருமே பொக்கே குடுத்ததில்லப்பா" என்றார். பிறகு தும்மினார். அவனுடைய சித்தி வாங்கிப் பார்த்துத் தும்மினார். பொக்கே கூடத்தைச் சுற்றி வர, தும்மலும் கூடவே சுற்றியது.

வேளாண் துறையில் இருக்கும் அவன் மாமா எட்டிப் பார்த்து அலறினார். "அய்யய்யோ, இது பார்த்தீனியம்! எவன்யா வெஷச் செடிய கொண்டாந்தது?"

கூடத்தில் இருந்த பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். "பூ..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

கை தடித்து அரித்தது. ஓசைப்படாமல் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினேன். இனி எந்த ஞாயிறும் யாரும் கூப்பிடப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டே ஒரு காலில் செருப்பை மாட்டினேன்.

"எங்க போற?" கண் இரண்டும் வீங்கிய சரவணனின் அம்மா பின்னால் நின்றார். "மொதல்ல கைய சோப்பு போட்டு கழுவு. சாப்புடாம போனீன்னாதான் எனக்குக் கோவம் வரும்."

பந்தியில் என் பக்கத்தில் அவர் மட்டும் உட்கார்ந்தார். குடும்பப் போட்டோ எடுத்தபோது, ஓரமாக நின்ற என்னையும் இழுத்து நிறுத்தினார்.

அந்தப் போட்டோ இன்றும் அவர்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எல்லோருக்கும் சிவந்து வீங்கிய கண். புதிதாக வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்பார்கள்.

சரவணனின் அம்மா படத்தில் இருக்கும் என்னைக் காட்டிச் சொல்வார்: "யாரும் தவறல. இந்தப் புள்ள ஆசையா பூ குடுத்துச்சு."