கை வைத்தவர் யார்?

தூத்துக்குடியிலேயே மிக அநியாயமான மனிதர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வேன்: உப்பளத்துக்குப் போகும் சாலையில் பைக் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் ‘பாவசங்கீர்த்தனம்’. சர்ச்சில் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்வதற்குப் பெயர் அது; கேட்டதைச் சாமியார் யாரிடமும் சொல்லக்கூடாது. இவருடைய ஞானஸ்நானப் பெயர் வேறு ஏதோ இருக்கிறது. அது அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மருத்துவர் நம்மிடம் ‘என்ன செய்கிறது?’ என்று கேட்பார். இவர் ‘என்ன செஞ்சீரு?’ என்று கேட்பார். வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். வண்டியில் கடைசியாக எதையெல்லாம் தொட்டோம் என்று முழுதாக ஒப்புக்கொண்டால்தான் ஸ்பேனர் அவர் கைக்கு வரும்.

“நேத்து ஓடுன வண்டி இன்னைக்கு ஓடலன்னா, நடுவுல ஒரு கை இருக்குவே. அது யாரு கை?”

இதை ரகசியமாகவாவது கேட்கலாம். ஷெட்டில் எந்நேரமும் நான்கு பேர் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். வாசலில் துறைமுக லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். “கேக்கல, சத்தமா சொல்லும்” என்பார். நம் குற்றத்தை நாமே கத்திச் சொல்ல வேண்டும்.

லாரி புக்கிங் ஆபீஸ்காரர் ஒருவர் “நான் ஒண்ணுமே தொடல” என்றார்.

“அப்ப வண்டிதான் உம்மத் தொட்டுருக்கும். போவும்.”

இரண்டு நாள் கழித்து அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார். ஏர் ஃபில்டரைக் கழுவி, காயாமல் ஈரத்தோடு மாட்டியதை ஒப்புக்கொண்டார். நான்கு பேரும் கைதட்டினார்கள்.

சர்ச்சில் ஊரார் பாவம் கேட்கும் பங்குச் சாமியாரையும் விட்டுவைக்கவில்லை. அவருடைய வண்டி சிக்னலில் நின்றால் அணைந்துவிடும்.

“சாமி, கார்ப்புரேட்டர் ஸ்க்ரூவத் திருகுனீங்களா?”

“லேசா. ஒரு கால் சுத்து.”

கண்ணைத் திறக்காமல், “சாமி...” என்றார் பாவசங்கீர்த்தனம்.

“ஒன்றரைச் சுத்துப்பா.”

இருபது வருடம் பத்திரிகை நிருபராக மற்றவர்களைக் கேள்வி கேட்டே வாழ்ந்தவன் நான். அந்த ஸ்டூலுக்கு முன்னால் நானும் நிற்க நேர்ந்தது.

வண்டி என்னுடையது அல்ல. கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கும் என் மச்சினனுடையது. முதல் சம்பளத்தில் வாங்கிய, கார்ப்புரேட்டர் காலத்து வண்டி. கப்பலேறும்போது சாவியைக் கொடுத்து ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: “ஓட்டுங்க அத்தான். ஆனா எதையும் தொறக்காதீங்க.”

அவன் வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது நான் திறந்தேன். நல்ல எண்ணம்தான். செல்போன் வீடியோவில் ஒருவர் பத்து நிமிடத்தில் முடித்த சர்வீஸை நான் ஒரு ஞாயிறு முழுக்கச் செய்தேன். அதன்பிறகு வண்டி மூன்று கிலோமீட்டர் ஓடும். இருமும். நின்றுவிடும். ஐந்து நிமிடம் பொறுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். மறுபடி மூன்று கிலோமீட்டர்.

மச்சினன் வரும் நாள் காலையில் ஷெட்டில் நின்று கத்தினேன். “பிளக் மாத்துனேன்! ஃபில்டரத் தட்டுனேன்! கார்ப்புரேட்டரக் கழட்டிக் கழுவுனேன்!”

ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன.

“இன்னும் ஒண்ணு இருக்கு. ஒளிக்கீரு.”

“சத்தியமா இல்ல அண்ணாச்சி!” எனக்குக் கோபத்தில் காது சூடேறியது. உண்மையைச் சொன்னவனுக்கு இதுதான் மரியாதையா?

“ஏறும் பின்னால” என்று வண்டியை எடுத்தார். உப்பளத்துக்குப் பக்கத்தில், வழக்கமான இடத்தில், அது இருமி நின்றது. அவர் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தார். ‘ஸ்ஸ்ஸ்’ என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. மூடியின் அடியில் விரலைத் தேய்த்து என் மூக்கருகே நீட்டினார். கிரீஸ்.

“இது யாரு கை?”

“அது... ரிப்பேர் இல்லையே அண்ணாச்சி. உப்புக் காத்துல துருப்பிடிக்காம இருக்க...”

“வீட்டு கேட்டுக் கொண்டிக்குத் தடவுத மாதிரி?”

“ஆமா.”

இந்த ஊரில் பூட்டு, கீல், ஜன்னல் கம்பி எதைக் கண்டாலும் ஒரு விரல் கிரீஸ் தடவுவோம். தலைக்கு எண்ணெய் வைப்பதை யாராவது ஒரு செயலாகச் சொல்வார்களா? மூடியில் காற்று போக ஊசித்துளை ஒன்று உண்டாம். அதை நான் அடைத்துவிட்டேன். காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் கீழே இறங்குமா?

பெட்ரோலில் நனைத்த துணியையும் ஒரு குண்டூசியையும் என் கையில் கொடுத்தார். “நீரே தொடையும்.” உப்பளத்து வெயிலில் அரைமணி நேரம் துடைத்தேன். அவர் நிழல் பார்த்து உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். அதன்பின் வண்டி நிற்கவே இல்லை.

மாலையில் மச்சினன் வந்தான். ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் குனிந்து பார்த்தான். “அத்தான், கார்ப்புரேட்டர் ஸ்க்ரூவுல புதுக் கீறல் இருக்கே?”

“எனக்குத் தெரியாதே.”

“வாங்க, ஷெட்டுல கேப்போம்.”

போனோம். காலையில் நான் கத்தியதைக் கேட்ட அதே நான்கு பேர் அங்கேயே இருந்தார்கள்.

“அண்ணாச்சி, இந்த வண்டியில யாரு கை வச்சா?” என்றான் மச்சினன்.

நான்கு பேருக்கும் திடீரென்று சாலையில் போகும் லாரிகள் மேல் அக்கறை வந்துவிட்டது. பாவசங்கீர்த்தனம் கண்ணை மூடித் திறந்தார். “இந்த வண்டியா? இது இங்கன வந்ததே இல்லியே.”

மச்சினன் இப்போது கடலில் இருக்கிறான். இந்த இதழ் அங்கே கிடைக்காது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

வாரம் ஒருமுறை அந்த ஷெட்டுக்குப் போகிறேன். “என்ன செஞ்சீரு?” என்கிறார். “ஒண்ணும் செய்யல அண்ணாச்சி, சும்மா வந்தேன்” என்கிறேன்.

எதையும் லேசில் நம்பாத அந்த மனிதர், அதை மட்டும் நம்பி ஸ்டூலை என் பக்கம் தள்ளுகிறார்.