பீடிங் மாமாவின் ஒரிஜினல்

கடலூர் மாவட்டத்திலேயே, காரில் எஞ்சின் இருக்கிறதா என்ற கவலை இல்லாமல் கதவில் பீடிங் இருக்கிறதா என்று மட்டும் கவலைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டு பீடிங் மாமாதான்.

மஞ்சக்குப்பத்தில் அவரிடம் ஒரு கிழட்டு அம்பாசடர் இருந்தது. பிரேக் பிடித்தால் அதிர்ஷ்டம். ஆனால் கதவுகளின் குறுக்கே ஓடும் அந்தப் பளபளப் பட்டை, பீடிங், வண்டியோடு பிறந்தது. அதில் யாராவது சாய்ந்தால் மாமாவுக்கு இடுப்பு வலிக்கும். கடைகளில் ஒட்டித் தரும் பிளாஸ்டிக் பீடிங்கைப் பார்த்தாலே, "பொய்ப்பல்லு!" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

என் கல்யாணம் சிதம்பரத்தில். மாப்பிள்ளை அழைப்புக்கு மாமாவின் கார்தான் என்று என் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி துள்ளியது. கொஞ்ச தூரம் போனதும் மாமா காதைத் தீட்டினார்.

"மாப்ள, எறங்கு. பீடிங் வுழுந்துட்டுது."

"மாமா, மண்டபத்துல எல்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க!"

"பொண்ணு எங்க போயிடும்? பீடிங்கு போனா கெடைக்குமா?"

கோட்டு சூட்டோடு நெடுஞ்சாலை ஓரம் குனிந்து தேடிய முதல் மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். மாமனார் போன் மேல் போன் போட்டார். கடைசியில் பட்டை ஒரு வெள்ளரிக்காய்க் கடையில் அகப்பட்டது. கடைக்கார அம்மா அதை இரண்டு கம்புக்கு நடுவில் கட்டிப் பைகளைத் தொங்கவிட்டிருந்தார்.

"எம்மா, அது என் பீடிங்கு."

"ரோட்ல கெடந்துதுங்க. ஒங்க பேரா எழுதியிருக்குது? பையெல்லாம் நான் எதுல மாட்டுவேன்?"

மாமா ஒரு கணம் யோசித்தார். காருக்கு ஓடினார். மாப்பிள்ளை அழைப்புக்கென்று வாங்கிய ஜரிகைக் குடையை எடுத்துவந்து அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டுப் பீடிங்கை அவிழ்த்துக்கொண்டார்.

மண்டப வாசலில் பெண்ணின் பெரியப்பா முறைத்தார். "குடை எங்கங்க?"

"மழை வராதுங்க," என்றார் மாமா.

மாடியில் யாரோ குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள்தான் கயல், என் மனைவி.

அந்தக் கயல்தான் போன ஐப்பசியில், மாமாவிடம் வண்டியைக் கேட்டு வாங்கி, பின்னால் எடுக்கும்போது எங்கள் வீட்டு இரும்புக் கேட்டில் முழுநீளத்துக்கும் உரசிவிட்டாள். ஒரிஜினல் பீடிங் முறுக்குப் போலச் சுருண்டு தரையில் கிடந்தது. தெருவே கூடிவிட்டது. மாமா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஒனக்கு அடி கிடி பட்டுச்சாம்மா?"

"இல்ல மாமா... பீடிங்கு..." கயல் அழுதேவிட்டாள்.

"அட, பீடிங்கு எதுக்கும்மா இருக்குது? அடி வாங்கத்தான்! உள்ள போய் தண்ணி குடி."

மறுநாள் காரில் புதுப் பட்டை மின்னியது. தட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக்.

"மாமா! பொய்ப்பல்லா?"

"மெதுவா பேசுடா," என்று என் வாயைப் பொத்தினார். "ஒரிஜினலே கெடைச்சிட்டுதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருக்கேன். மனசு கஷ்டப்படும்."

கயலுக்கு அது பிளாஸ்டிக் என்று பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் மாமா வாசலில் நிற்கும்போதெல்லாம் துப்பட்டாவால் அதைத் துடைத்துவிட்டு, "ஒரிஜினல்னா ஒரிஜினல்தான் மாமா!" என்கிறாள்.