கட்டத்துக்குள் நின்ற கோழி

ஓல்ட்பெக்,
மழை விடாத வெள்ளிக்கிழமை.

மாண்புமிகு ஆகியிருக்க வேண்டிய மாப்பிள்ளை கில்பர்ட் சோவர்பி அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் கிளிஃபர்ட் டான்ஸ்லி மரியாதையுடன் எழுதிக்கொள்வது. கூரை ஒழுகுவதைத் தவிர இங்கே எல்லாம் நலம். அங்கே நீங்களும், என் தங்கை டோரீனும், வீடு வீடாக ஏறி இறங்கி வீங்கிப்போன உங்கள் முழங்காலும் நலம்தானே. எதிர்வீட்டில் இருந்துகொண்டு தபால்தலை ஒட்டிக் கடிதமா என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை, அதனால்தான்.

ஒரே ஒரு வாக்கில் தோற்றது வயிற்றெரிச்சல்தான், இல்லையென்று யார் சொன்னது. ஜெயித்த பியர்ஸ் ஆஷ்கோமின் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தில் யாரோ பெருக்கல் குறி போடாமல் ஒரு பறவையை வரைந்துவிட்டுப் போக, அதையும் வாக்கு என்று எண்ணி அந்த மனிதரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வரைந்தது யார் என்று கண்டுபிடிக்கத் திங்கட்கிழமை நீங்கள் வழக்குப் போடப் போகிறீர்களாம். நீதிமன்றம் உத்தரவு போட்டால் சீட்டின் எண்ணை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாமாம். நேற்று டோரீன் வாசலில் நின்றபடி சொன்னாள்: "அண்ணே, அந்தக் கோழிய வரைஞ்சவன் யாருன்னு மட்டும் தெரியட்டும். சொந்தமோ பந்தமோ, அப்புறம் என் வீட்டு வாசப்படிய மிதிக்க முடியாது." நியாயமான பேச்சு. ஆனாலும் மாப்பிள்ளை, வழக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் தொகுதியின் யோக்கியதை உங்களுக்குத் தெரியாததா? என் தாத்தா காலத்தில் ஆஷ்கோமின் கட்சி விளக்குமாற்றை நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்பார்கள். நிறுத்திய ஆட்களைப் பார்த்தால் விளக்குமாறே தேவலாம், அது கூட்டவாவது செய்யும். அதில் ஒருவர் இருபது வருடம் உறுப்பினராக இருந்து சபையில் ஒரே ஒரு தடவைதான் எழுந்தாராம், அதுவும் தன் தொப்பியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்ததால். அப்புறம் பெருவெள்ளம் வந்த வருடம் முதல்முறையாக நாம் ஜெயித்தோம். கொள்கையாலா ஜெயித்தோம்? அவர்களுக்கு வாக்குப் போடும் ஊர்களெல்லாம் தண்ணீரில் நின்றன, இருந்த ஒரே படகு நம் ஆளுடையது. அடுத்த தேர்தலன்று சுள்ளென்று வெயில், நாம் காலி. அதோடு விட்டார்களா, எல்லையைத் திருத்துகிறோம் என்று லண்டனிலிருந்து வரைபடத்தோடு வந்து, தலைமுறை தலைமுறையாக நமக்கு வாக்களித்த மில் தெருக்களைப் பக்கத்துத் தொகுதிக்குத் தாரை வார்த்துவிட்டு, பதிலுக்கு நம் தலையில் கட்டியது ஒரு கல்லறைத் தோட்டமும் ஒரு கோல்ஃப் மைதானமும். கல்லறையில் படுத்திருப்பவர்கள் எல்லாம் நம் ஆட்கள், எழுந்து வர முடியாது. கோல்ஃப் ஆடுகிறவர்களோ கொட்டும் மழையிலும் குடை பிடித்து வந்து வாக்களித்தார்கள்.

போன தேர்தல் நினைவிருக்கிறதா? இழுபறி. நம் வேட்பாளர் ஹேஸல் ட்ரூவின் கட்டத்தில் குறிக்குப் பதிலாகச் சிரிக்கும் முகம் வரைந்த சீட்டுகள் சில வந்தன, செல்லாது என்று அவர்கள் குதித்தார்கள். உங்கள் முகவராக இன்று இருப்பது போல அன்று அவருக்கு முகவராக இருந்த நான்தான் தேர்தல் அதிகாரி திருமதி பிக்கர்ஸ்கில்லிடம் வாதாடினேன்: "அம்மா, படம் எதுவா இருந்தா என்ன? எந்தக் கட்டத்துக்குள்ள நிக்குதுங்கறதுதான பேச்சு." அந்த அம்மாளும் தலையாட்ட, நாம் ஜெயித்தோம். நீங்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினீர்கள், உங்கள் முழங்கால் போனதே அன்றைக்குத்தான். ஹேஸல் லண்டனுக்குப் போனவர் போனவர்தான், ஓல்ட்பெக் வடக்கிலா தெற்கிலா என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

இந்தத் தடவையும் அதே மேசை, அதே பிக்கர்ஸ்கில். "இது ஓட்டில்லீங்க, திட்டு. சர்ச் கூடத்துல விவாதத்துக்குக் கூப்பிட்டா வராம ஓடின ஆளு. கோழைன்னு சொல்றதுக்குத்தான் கோழிய வரைஞ்சிருக்காங்க" என்று நீங்கள் தொண்டை கிழியக் கத்தினீர்கள். அந்த அம்மாள் உங்களைப் பார்க்கவில்லை, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு என்னைத்தான் பார்த்தார். "டான்ஸ்லி ஐயா, போன தடவ நீங்க சொன்னதுதான். படம் எதுவா இருந்தா என்ன? கட்டத்துக்குள்ளதான நிக்குது. வால் நுனிகூட வெளிய வரல." நுணலும் தன் வாயால் கெடும். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் சிறகு, அலகு எல்லாவற்றையும் அடக்கி வரைந்த கை சாமானியக் கை இல்லை என்பதையும் நியாயமாக ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, யாரைச் சந்தேகப்படுவீர்கள்? நம் வட்டாரமே 'சாம்பல் வாத்து' மதுக்கடைக் கூடத்தில்தான் வாக்களித்தது. (அதன் வாசலில் தொங்கும் வாத்துப் பலகை நான் வரைந்தது. அதை ஊரே கோழி கோழி என்று சொல்லி வருடக்கணக்காக என்னை நோகடிப்பது தனிக் கதை.) எதிரியைத் திட்ட இத்தனை சிரத்தை எடுத்துக்கொண்டவன் நம் கட்சிக்காரனாகத்தான் இருக்க வேண்டும். அந்த அப்பாவியைக் கூண்டில் ஏற்றி என்ன காணப் போகிறீர்கள்? ஆஷ்கோம் அப்படி என்ன செய்துவிடுவார், ஹேஸல் செய்ததைத்தான் செய்வார். மருத்துவமனையை மூடும்போது வருத்தம் தெரிவிப்பார், பேருந்தை நிறுத்தும்போது ஆழ்ந்த வருத்தம் தெரிவிப்பார். என் மனைவி எடித் போன பிறகு எனக்கு இருக்கிற ஒரே நல்ல சாப்பாடு டோரீனின் ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி வறுவல்தான், அதைவிட அந்த மேசையில் நாலு பேர் பேசுகிற சத்தம்தான் எனக்கு வேண்டியிருக்கிறது. வழக்கு, விசாரணை என்று போய் அந்த மேசை கலைந்துபோனால் நான் எங்கே போவேன்? எனக்கும் அந்தக் கோழிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, பொதுவாகச் சொன்னேன்.

உங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கி நீளவும், டோரீனின் கோபம் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறவும் வேண்டிக்கொண்டு,

தோல்வியிலும் உங்கள் கட்சிக்காரன்,
கிளிஃபர்ட் டான்ஸ்லி.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன், மனசு கேட்கவில்லை. வழக்கு மனுவிலும் 'கோழி' என்றே எழுதியிருக்கிறீர்களாம். வழக்குப் போட்டாலும் போடுங்கள், அதை மட்டும் திருத்திவிடுங்கள். அது கோழி இல்லை மாப்பிள்ளை, வாத்து. கழுத்து நீளத்தைப் பார்த்தாலே தெரிய வேண்டாமா? கோழை என்று சொல்லவா அவ்வளவு நேரம் குனிந்து நின்றேன்? வாத்துமடையன் என்று சொல்ல வந்தது. கழுத்து அன்றைக்கு அப்படி வாகாக வந்து விழுந்த சந்தோஷத்தில், கீழே உங்கள் கட்டத்தில் குறி போட அடியோடு மறந்துபோனேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ஒரு தட்டு வைப்பாளா என்று டோரீனிடம் கேளுங்கள். வைக்கமாட்டேன் என்றால் வாசலில் நின்று என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டட்டும், கோழி என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள்.